குற்றால மலையில் மறைந்த ஆவுடையக்காள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. முகத்தில் சாரல் தூவும். கடைவீதி முழுக்க எண்ணெய் வாசனையும் நேந்திரங்காய் வறுவல் வாசனையுமாக இருக்கும். ஆடி அமாவாசை அன்று கேட்கவே வேண்டாம்! பேரருவியில் தலை நனைத்து, முன்னோரை நினைத்து எள்ளும் தண்ணீரும் விட்டு, ஈரப் புடவையோடு குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் கும்பிட வரும் பெண்களே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

சுமார் 300 வருடங்களுக்கு முன்பு, இதே போன்ற ஓர் ஆடி அமாவாசையில், இதே அருவியில் ஒரு பெண்மணி நீராடினார். நீராடியவர் மலைமேல் ஏறிப் போனார். திரும்பி வரவே இல்லை. தேடிப் போனவர்களுக்கும் எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. நெல்லைச் சீமையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி இது.

அந்தப் பெண்மணிதான் செங்கோட்டை ஆவுடையக்காள். வேதாந்தத்தைக் கும்மியாகவும் அம்மானையாகவும் பாடி, அடுப்படி வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தவர்.

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், சுற்றிலும் வயல், எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மலை தெரியும். ஊருக்கு நடுவில் தர்மசம்வர்த்தினி சமேத குலசேகரநாதர் கோயில். 1956-ஆம் வருடம் நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால் இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் பெரியவர்களின் பேச்சிலும் சமையலிலும் மலையாள வாடை கொஞ்சம் இருக்கும்.

ஆவுடை என்ற பெயரைப் பட்டணத்தில் இப்போது கேட்பது அபூர்வம். சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு ஆவுடையம்மாள் என்றும் பெயர் உண்டு. ஆடித்தபசு நாயகியான அந்த அம்பாளின் பெயரைத்தான் அந்த வட்டாரத்தில் பெண் குழந்தைகளுக்கு ஆசையாக வைப்பார்கள். அக்காள் என்பது பிற்பாடு ஊர் கொடுத்த மரியாதை. அம்மா என்றோ, மாதாஜி என்றோ, தேவி என்றோ யாரும் அவரை அழைக்கவில்லை, கவனித்தீர்களா? நம் வீட்டு மூத்த பெண்ணைக் கூப்பிடுவது போல அக்காள் என்றே கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது.

வசதியான அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி விளையாட்டு வயதிலேயே கல்யாணம் ஆனது. பெரிய மனுஷியாவதற்கு முன்பே கணவர் இறந்துவிட்டார். கல்யாணம் என்றால் என்ன என்று தெரியாத பருவத்தில் கைம்பெண் ஆனாள் அந்தக் குழந்தை.

அதற்குப் பிறகு அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்று நம் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். தலைமுடி போகும். வளையல், பொட்டு, பூ எதுவும் கிடையாது. உடம்பில் ஒற்றைப் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் நல்ல காரியம் நடந்தால் பின்கட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. யாராவது வெளியில் கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால் அது அபசகுனம். உங்கள் வீட்டில் ஏழாவது படிக்கும் பெண் இருந்தால் ஒரு நிமிஷம் அவளை ஏறிட்டுப் பாருங்கள். அந்த வயசுதான் இருந்திருக்கும் அவருக்கு.

பெற்றவர்களுக்கு மனசு கேட்கவில்லை, வீட்டோடு வைத்து எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள், அதற்கே அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது என்று ஒரு கதை உண்டு. அவர் பாடல்களில் புழங்கும் சாஸ்திரச் சொற்களைப் பார்த்தால், யாரோ ஒருவர் அந்தக் குழந்தையின் கையில் ஏட்டைக் கொடுத்துத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த நிலையில்தான் செங்கோட்டைக்கு ஒரு மகான் வந்தார். திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாள்.

அய்யாவாளை நம் வாசகியர் பலருக்குத் தெரிந்திருக்கும். மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். திவான் பதவி தேடி வந்தும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சிவ நாமமே போதும் என்று கிளம்பியவர். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி, 1693-ல் திருவிசநல்லூரை 40-க்கும் மேற்பட்ட பண்டிதர்களுக்குத் தானமாகக் கொடுத்தார். அந்த ஊரில் வாழ்ந்தவர் அய்யாவாள். கோவிந்தபுரம் போதேந்திர சுவாமிகளும் சதாசிவ பிரம்மேந்திரரும் அதே காலத்தவர்கள்.

கார்த்திகை அமாவாசை அன்று திருவிசநல்லூர்க் கிணற்றில் கங்கை வருகிறாள் என்று இன்றும் கூட்டம் கூட்டமாகப் போய் நீராடுகிறோமே, அந்தச் சம்பவத்தின் நாயகர் இவர்தான். தகப்பனாரின் சிராத்த தினம். சமையல் தயாராகிவிட்டது. சாஸ்திரிகள் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஓர் ஏழை பசி பொறுக்காமல் வாசலில் வந்து நின்றான். சிராத்தத்துக்குச் சமைத்ததையே எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார் அய்யாவாள். ஊர் கொதித்தது. கங்கையில் முழுகிப் பிராயச்சித்தம் செய்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று விலக்கி வைத்தது. அவர் கிணற்றடியில் நின்று கங்காஷ்டகம் பாட, கங்கை பொங்கித் தெருவெல்லாம் ஓடினாள் என்பது வரலாறு.

ஆக, தள்ளிவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் அய்யாவாள். அவர் செங்கோட்டைத் தெருவில் நாமம் சொல்லிக்கொண்டு நடந்து வந்தபோது, அங்கேயும் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன என்று சொல்வார்கள். ஒரே ஒரு கதவு மட்டும் திறந்தது. மழித்த தலையை முக்காடிட்டு மூடிக்கொண்டு, வாசற்படி தாண்டி வெளியே வந்து, நடுத்தெருவில் அவர் காலில் விழுந்தாள் ஆவுடை.

வெளியில் தலையே காட்டக் கூடாத பெண் அவள். பட்டப்பகலில், எல்லாரும் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வந்தாள்.

அய்யாவாள் தயங்கவில்லை. அவளுக்கு மந்திர உபதேசம் செய்தார். பிற்பாடு வேதாந்தமும் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. நீ இந்த உடம்பு அல்ல, உடம்புக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆத்மா நீ என்பதுதான் அத்வைதம் சொல்லும் பாடம். மெத்தப் படித்த பண்டிதருக்கு அது ஒரு தத்துவம், சபையில் வாதம் செய்ய ஒரு விஷயம். இந்தப் பெண்ணுக்கு? தலைமுடியை எடுத்தது இந்த உடம்புக்காக. ஒரு வேளைச் சோறு இந்த உடம்புக்காக. அபசகுனம் என்றது இந்த உடம்பைத்தான். அது நீ இல்லை என்று ஒரு பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால், எப்படிக் கேட்டிருக்கும் அவள் காதில்! அக்காளின் எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்த ஆனந்தம் கேட்கிறது. புலம்பல் பாட்டு என்று தேடினால் எனக்கு அகப்படவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கைம்பெண் வாசல் தாண்டினாள், உபதேசம் வாங்கினாள், பாட்டு வேறு பாடுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. விலக்கி வைத்தார்கள். ஆவுடை ஊரைவிட்டே கிளம்பினார். குருவின் கூட்டத்தோடு ஊர் ஊராக, தலம் தலமாக நடந்தார் என்றும், காவிரிக் கரையில் குருவுக்கு அருகிலேயே இருந்து சாதனை செய்தார் என்றும் சொல்கிறார்கள்.

அங்கேயும் சிக்கல் வந்தது. ஒரு பெண்ணுக்கு, அதுவும் இந்த நிலையில் இருப்பவளுக்கு, குரு இவ்வளவு இடம் கொடுக்கிறாரே என்று மற்றச் சீடர்களில் சிலருக்கு மனத்தாங்கல். அந்தச் சமயத்து நிகழ்ச்சியாகச் சொல்லப்படுவதுதான் மாவிலைக் கதை. காவிரியில் நீராடிக்கொண்டிருந்த ஆவுடையின் அருகில் ஒரு மாவிலை மிதந்து வந்தது. மேலே, சற்றுத் தூரத்தில் குருநாதர் பல் துலக்கிவிட்டு விட்ட இலை அது. இவர் அதை எடுத்துத் தம் பல்லைத் துலக்கினார். அந்த நிமிஷமே உலகம் மறந்து சமாதி நிலையில் அமர்ந்துவிட்டார். எத்தனை நேரம் அப்படி இருந்தாரோ, அதைப் பார்த்த பிறகு முணுமுணுத்தவர்கள் வாய் திறக்கவில்லை.

திருவனந்தபுரம் ராஜா தங்கத்தில் வாழையிலை செய்து, அதில் சாதுக்களுக்கு விருந்து வைத்தார், மற்றவர்கள் அந்தத் தங்க இலையைக் கழுவி எடுத்துக்கொண்டு போக, அக்காள் மட்டும் சாப்பிட்ட இலைதானே என்று எச்சிலோடு எறிந்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. இது போன்ற கதை வேறு பல மகான்களைப் பற்றியும் சொல்லப்படுவதால் இதை நான் அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை. மாவிலைக் கதையை மட்டும் விட மனசில்லை. ஏன் என்றால், எச்சில் என்ற விஷயத்தை அக்காள் சும்மா விட்டவர் இல்லை. அதை வைத்தே பாட்டுக் கட்டியிருக்கிறார்.

எது எச்சில் இல்லை என்று கேட்கிறார் அதில். ஆற்றுத் தண்ணீர் மீனுக்கு எச்சில். தேன் வண்டுக்கு எச்சில். பால் கன்றுக்குட்டிக்கு எச்சில். பழம் கிளிக்கு எச்சில். அவ்வளவு ஏன், ஓதுகிற வேதமும் ரிஷிகளின் வாயில் புறப்பட்டு வந்ததுதானே என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறார். தீட்டைப் பற்றியும் அதே போலத்தான். எதைத் தீட்டு என்று ஒதுக்குகிறாயோ, அதுவே திரண்டுதானே இந்த உடம்பு உருவானது, பின் யார் யாரைத் தொடாமல் ஒதுங்குவது என்கிறார். 300 வருடத்துக்கு முன்னால், பின்கட்டில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்த பெண்கள் நிறைந்த ஓர் ஊரில், ஒரு பெண் பாடியது இது.

இதைச் சொன்னதற்காக அவர் ஆசாரத்தையே உதறியவர் என்று எண்ணிவிடக் கூடாது. கோயிலும் குருவும் நாமமும் கடைசி வரை அவருக்கு உயிர். சண்டை போடுவதற்காகப் பாடியவர் அல்ல. தமக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைத் தம் கூடப் பிறந்தவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்பதே அவர் கவலை.

அதனால்தான் பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட மெட்டுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பண்டிதர்கள் மெச்சும் கீர்த்தனை வடிவம் பக்கம் அவர் அதிகம் போகவில்லை. பெண்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த வடிவங்களையே எடுத்துக்கொண்டார். காய் மூன்றைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே பாடும் அம்மானை விளையாட்டில் வேதாந்த அம்மானை. வயல்காட்டுப் பள்ளில் வேதாந்தப் பள்ளு. ஓடக்காரன் பாட்டுப் போல வேதாந்தக் கப்பல். குறத்தி குறி சொல்ல வரும் குறவஞ்சியில் வேதாந்தக் குறவஞ்சி. மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய மண் அல்லவா! இவை தவிர கும்மி, சோபனம், கண்ணி என்று எத்தனையோ. அனுபோக ரத்தினமாலை என்று ஒரு நூலும் உண்டு.

மெட்டு தெரிந்திருப்பதால் கற்றுக்கொள்ள வாத்தியார் வேண்டாம். எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒருத்தி பாட, இன்னொருத்தி பின்பாட்டுப் பாடினால் இரண்டே நாளில் மனப்பாடம். மாவு அரைக்கும்போது, அப்பளம் இடும்போது, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போது, மத்தியான வேளையில் நாலு பேர் கூடி உட்காரும்போது என்று செங்கோட்டை, ஆய்க்குடி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரப் பெண்கள் பாடிப் பாடியே இவற்றைக் காப்பாற்றினார்கள். அதிலும் அக்காளைப் போலவே சின்ன வயதில் கணவரை இழந்து பின்கட்டில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தப் பாட்டுகள்தான் துணை. கல்யாண வீட்டில் கூடத்துக்கு வர முடியாத அத்தைப் பாட்டி, உள்ளே உட்கார்ந்து பேத்திகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பாளாம்.

நான் மூன்று வருடம் பி.ஏ. தமிழ் படித்தவள். சித்தர் பாடல் படித்தோம், சிந்து படித்தோம், குறவஞ்சி படித்தோம். அக்காள் பெயர் ஒரு பாடத்திலும் வரவில்லை. தென்காசியில் ஒரு வயதான மாமி வீட்டுக்கு வேறு ஏதோ கட்டுரை விஷயமாகப் போனபோதுதான் முதன்முதலாக அந்தப் பெயரைக் கேட்டேன். அலமாரியிலிருந்து அட்டை பிய்ந்த நீள நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய மாமியார் கைப்பட எழுதியது. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. சமையல் கையோடு எழுதியிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தவர், இரண்டாவது அடிக்கே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். நோட்டு அவருக்குத் தேவைப்படவில்லை.

இப்படி வாய்மொழியாகவும் நோட்டுகளிலும் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஆய்க்குடி வெங்கடராம சாஸ்திரிகள். பின்னர் 2002-ல் திருக்கோவிலூர்த் தபோவனத்தைச் சார்ந்த ஞானானந்த நிகேதன், செங்கோட்டை ஆவுடையக்காள் பாடல் திரட்டு என்று எல்லாவற்றையும் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டு வந்தது. 2012-ல் தத்துவப் பேராசிரியை காஞ்சனா நடராஜன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விரிவான விளக்கத்தோடு வெளியிட்டார்.

மகாகவி பாரதியாரின் காதிலும் இந்தப் பாட்டுகள் விழுந்திருக்கும் என்று கருதுகிறவர்கள் உண்டு. செல்லம்மாளின் ஊரான கடையம் தென்காசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1918 முதல் 1920 வரை பாரதியார் அங்கே குடியிருந்தார். அவர் கையாண்ட சிந்து, கும்மி, வேதாந்தப் பாட்டு ஆகியவற்றில் அக்காளின் சாயல் இருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். இருந்தால் சந்தோஷம்தான். இல்லாவிட்டாலும் அக்காளுக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

வருடங்கள் ஓடின. அய்யாவாள் திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி சந்நிதிக்குள் போய், லிங்கத்தோடு இரண்டறக் கலந்துவிட்டார் என்பது ஐதீகம். ஆவுடை தம் ஊருக்கே திரும்பினார். அன்றைக்குக் கதவைச் சாத்திய அதே தெரு இப்போது திறந்தது. விலக்கி வைத்தவர்களின் வீட்டுப் பெண்களே வந்து சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். அக்காள் என்ற பெயர் ஊர் வாயில் நிலைத்தது இந்தக் காலத்தில்தானாம். பழைய கணக்கு எதையும் அவர் கேட்டதாக ஒரு கதைகூட இல்லை.

பிறகு வந்தது அந்த ஆடி அமாவாசை. குற்றாலத்தில் நீராடப் போனார். கூடப் போனவர்கள் அருவிக்கரையில் இருக்க, அவர் மட்டும் மலைப்பாதையில் ஏறினார். பொதிகை மலைத் தொடரின் காடு அது. தியானத்துக்காகப் போகிறார், வந்துவிடுவார் என்று காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. மறுநாளும் வரவில்லை. உடல் கிடைக்காததால் அக்காளுக்குச் சமாதி என்று ஓர் இடம் கிடையாது. ஆராதனை செய்ய விரும்பும் குடும்பங்கள் அந்த ஆடி அமாவாசையையே அவருடைய நாளாக வைத்துக்கொண்டு, விளக்கேற்றி அவர் பாட்டைப் பாடுகிறார்கள்.

சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் நேராகச் செங்கோட்டையிலேயே கொண்டு போய் இறக்கிவிடும். குலசேகரநாதரைத் தரிசித்துவிட்டு, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ குற்றாலம் போய்விடலாம். குற்றாலநாதர் கோயில் பேரருவியை ஒட்டியே, சங்கு வடிவில் அமைந்த கோயில். அகத்தியர் கைவைத்து, திருமாலைச் சிவலிங்கமாக்கிய தலம் என்பது புராணம். உள்ளே பராசக்தி சந்நிதியும் விசேஷம். கொஞ்சம் தள்ளி, ஓவியங்கள் நிறைந்த சித்திர சபை இருக்கிறது, அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். செண்பகாதேவி அருவிக்குப் போகும் மலைப்பாதையில் வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. விசாரித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே பேரருவிக்குப் போய்விட்டால், கூட்டம் சேர்வதற்குள் நிதானமாக நீராடலாம்.

தென்காசி மாமியிடம் அந்த நோட்டைப் பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றவர், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடு என்று இரண்டு தடவை சொன்னார். பெங்களூரில் இருக்கும் பேத்தி தீபாவளிக்கு வரும்போது அதைக் கேட்டிருக்கிறாளாம்.